புல்தரைக்கு மருந்து அடிப்பவர் ஏன் மீண்டும் படிக்கிறார்?

ஒருமுறை வாங்கிய சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும் என்பது நம்மில் பலருடைய எண்ணம். பத்தாம் வகுப்புச் சான்றிதழைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து யாரும் வந்து, “இன்னும் கணக்கு நினைவிருக்கிறதா?” என்று நம்மைக் கேட்பதில்லை.

ஆனால், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஒரு தொழிலாளியை இப்படித்தான் கேட்கிறார்கள். அவர் மருத்துவரும் அல்லர். விமானம் ஓட்டுபவரும் அல்லர். பிறர் வீட்டுப் புல்தரைக்கும் பூங்கா மரங்களுக்கும் கூலிக்குப் பூச்சிமருந்து அடிப்பவர். தேர்வு எழுதி உரிமம் பெற்ற பிறகும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அவர் வகுப்பில் உட்கார வேண்டும். அல்லது மறுபடியும் தேர்வு எழுத வேண்டும். இரண்டும் செய்யாவிட்டால் உரிமம் காலாவதியாகிவிடும்.

புல்லுக்கு மருந்து அடிக்க இவ்வளவு படிப்பா என்று வியப்படைகிறீர்களா? இந்த விதி எப்படி வந்தது என்று பார்த்தால் வியப்பு அடங்கிவிடும். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் கதை அது. அதில் மரங்கள் உண்டு, பறவைகள் உண்டு, தேனீக்களும் உண்டு.

தமிழ்நாட்டைவிடப் பெரிய புல்தரை

முதலில் அந்த நாட்டுப் புல்தரையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டு முற்றம், பூங்கா, விளையாட்டுத் திடல், கோல்ப் மைதானம் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து, செயற்கைக்கோள் படங்களின் உதவியால் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். 2005-ல் வெளியான அந்தக் கணக்கின்படி, மொத்தப் பரப்பு 1,60,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். நம் தமிழ்நாட்டின் பரப்பே ஏறத்தாழ 1,30,000 சதுர கிலோமீட்டர்தான்! நீர் பாய்ச்சி வளர்க்கும் பயிர்களில் அந்த நாட்டில் மிகுதியான இடத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது கோதுமையும் அன்று, மக்காச்சோளமும் அன்று. யாரும் உண்ணாத புல்.

யாரும் உண்ணாவிட்டாலும் அதன்மேல் குழந்தைகள் புரளுகின்றன, நாய்கள் ஓடுகின்றன, பறவைகள் மேய்கின்றன. வயலில் அடிக்கும் மருந்துக்கும் மக்களுக்கும் நடுவே கொஞ்சம் தொலைவாவது இருக்கும். புல்தரையில் அடிக்கும் மருந்து வாசற்படியிலேயே கிடக்கிறது.

ஒரு பூச்சி தப்பியது

1869-ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மெட்போர்டு என்ற ஊரில், திரூவெலோ என்ற பிரெஞ்சுக்காரர் ஐரோப்பாவிலிருந்து ஒருவகை அந்துப்பூச்சியைக் கொண்டுவந்து வளர்த்தார். பட்டு தரும் பூச்சிகளைப் பற்றி ஆராய்வது அவருடைய விருப்பம். அவர் வளர்த்தவற்றில் சில தப்பிவிட்டன. இருபது ஆண்டுகளுக்குள் அந்த ஊர்த் தெருமரங்களின் இலைகளை எல்லாம் அவற்றின் புழுக்கள் தின்று தீர்த்தன. மரம் மொட்டையானதும் சுவர்களில் ஏறி வீட்டுக்குள்ளும் நுழைந்தன.

1890-ல் மாநில அரசு போர் தொடுத்தது. அப்போது கையில் இருந்த ஆயுதம் ‘பாரிஸ் பச்சை’ எனப்படும், செம்பும் ஆர்சனிக்கும் கலந்த நச்சுத்தூள். அது புழுவையும் கொன்றது; இலையையும் கருக்கியது. எனவே, அடுத்த சில ஆண்டுகளில் ஈய ஆர்சனேட் என்ற புதிய மருந்தை உண்டாக்கினார்கள். இது இலையைக் கருக்கவில்லை. மழையில் எளிதில் கரைந்து போகவும் இல்லை. ஆகா, எவ்வளவு நல்ல மருந்து என்று எல்லாரும் மகிழ்ந்தனர்.

‘கரைந்து போகவில்லை’ என்பதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

மருந்துக்குக் கிராக்கி ஏறியதும் போலிகளும் வந்தன. சுண்ணாம்பைக் கலந்து விற்றவர்கள் உண்டு. பாதி வலிமையுள்ள சரக்கை முழு விலைக்கு விற்றவர்களும் உண்டு. இதைத் தடுக்க 1910-ல் அமெரிக்காவில் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. அந்தச் சட்டம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: டப்பாவுக்குள் என்ன இருக்கிறது? பணம் கொடுத்து வாங்குபவரை அது காத்தது. அடிப்பவரையோ, அண்டை வீட்டாரையோ, பறவையையோ பற்றி அதில் பேச்சே இல்லை.

புல்லின் வேரில் ஒரு புழு

1916-ல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ரிவர்ட்டன் ஊருக்கு அருகே ஒரு நாற்றங்காலில் பச்சைப் பளபளப்புள்ள வண்டு ஒன்றைக் கண்டார்கள். அது ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்த வண்டு. வளர்ந்த வண்டு இலைகளைத் தின்னும். அதன் புழுவோ மண்ணுக்குள் புல்லின் வேரைத் தின்னும். கம்பளத்தைச் சுருட்டுவதுபோல் புல்தரையையே கையால் சுருட்டி எடுத்துவிடலாம், அந்த அளவுக்கு வேர் அறுந்துவிடும்.

இதற்கும் ஈய ஆர்சனேட்டையே நாடினார்கள். கோல்ப் மைதானங்களிலும் வீட்டுப் புல்தரைகளிலும் மண்ணோடு கலந்து தூவினார்கள். அரசாங்க நிபுணர்களே பரிந்துரைத்த முறை அது. பல ஆண்டுகள் பலன் தந்தது. ஏன் தெரியுமா? ஈயமும் ஆர்சனிக்கும் தனிமங்கள். எந்த நுண்ணுயிரும் அவற்றைச் சிதைத்து அழிக்க முடியாது. கரைந்து போகாத நல்ல மருந்து என்றார்களே, அதே குணந்தான் வினையாயிற்று. ஈய ஆர்சனேட்டைப் பூச்சிமருந்தாகப் பயன்படுத்துவது 1988-ல் சட்டப்படி முற்றிலும் முடிவுக்கு வந்தது. ஆனால், பழைய பழத்தோட்டங்கள் பலவற்றின் மண்ணில் அந்த ஈயமும் ஆர்சனிக்கும் இன்னும் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னும் இரண்டு பொருள்கள் புல்தரைக்கு வந்தன. ஒன்று, 1945-ல் கடைக்கு வந்த 2,4-டி என்னும் களைக்கொல்லி. அகன்ற இலைச் செடிகளை அழித்துப் புல்லை மட்டும் விட்டுவிடும். அதற்கு முன் புல்விதையோடு சேர்த்தே விதைத்து வந்த குளோவர் என்ற செடி, இந்த மருந்து பட்டதும் செத்தது. அன்றுமுதல் அதுவும் களைகளின் பட்டியலில் சேர்ந்துவிட்டது! மற்றொன்று டி.டி.டி. அதன் பூச்சிகொல்லும் ஆற்றலை 1939-ல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1947-ல் சட்டமும் மாறியது. விற்கும் மருந்தைப் பதிவு செய்ய வேண்டும்; எப்படிப் பயன்படுத்துவது, என்ன தீங்கு வரும் என்று சீட்டில் அச்சிட வேண்டும். இரண்டாம் கேள்வி பிறந்தது: டப்பாவின்மேல் என்ன எழுதியிருக்கிறது? ஆனால், அதைப் படிப்பவர் யார், படித்துப் புரிந்துகொண்டாரா என்று எவரும் கேட்கவில்லை.

ராபின்கள் விழுந்தன

எல்ம் என்பது அமெரிக்க ஊர்களின் நிழல்மரம். நம் ஊர்ச் சாலையோரப் புளியமரத்தைப்போல் அங்கே தெருவெல்லாம் நின்றது. அதைக் கொல்லும் ஒரு பூஞ்சண நோயைப் பட்டைவண்டுகள் பரப்பின. வண்டைக் கொல்ல டி.டி.டி. தெளித்தார்கள். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழக வளாகத்தில் 1954-ல் இந்த வேலை தொடங்கியது. அடுத்து வந்த வசந்த காலங்களில், அங்கே வந்த ராபின் பறவைகள் நடுங்கி, வலிப்பு வந்து, புல்தரையில் விழுந்து இறந்தன. ஜார்ஜ் வாலஸ் என்ற பறவையியல் பேராசிரியர் இதைக் கவனித்துக் குறித்துவந்தார்.

ராபின் எல்ம் இலையைத் தின்பதில்லையே, எப்படி இறந்தது? ராய் பார்க்கர் என்ற ஆய்வாளர் இல்லினாய் மாநிலத்தில் இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்து 1958-ல் வெளியிட்டார். மருந்து பட்ட இலை இலையுதிர் காலத்தில் விழுகிறது. மண்புழு அதைத் தின்கிறது. நஞ்சு புழுவின் உடலில் தேங்குகிறது. அடுத்த வசந்தத்தில் ராபின் அந்தப் புழுக்களைத் தின்கிறது. தெளித்த நாளுக்கும் பறவை விழும் நாளுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருந்து அடித்த தொழிலாளி எந்த விதியையும் மீறவில்லை. சொன்ன மருந்தை, சொன்ன மரத்துக்குத்தான் அடித்தார். அவர் கையில் குற்றம் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த அறிவு பழையதாகிவிட்டது, அதுதான் குற்றம்.

இந்த ராபின்களின் கதையை 1962-ல் ரேச்சல் கார்சன் தமது ‘சைலன்ட் ஸ்பிரிங்’ என்ற நூலில் எழுதினார். நாடு முழுவதும் பேசியது. 1970-ல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் அமைந்தது. 1972-ல் அது டி.டி.டி.யின் பெரும்பாலான பயன்களுக்குத் தடை விதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் பூச்சிக்கொல்லிச் சட்டத்தை அடியோடு திருத்தினார்கள்.

மூன்றாம் கேள்வி

1972-ன் திருத்தம் மருந்துகளை இரண்டாகப் பிரித்தது. பொதுப் பயனுக்கு உரியவை ஒன்று. கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை மற்றொன்று. இரண்டாம் வகையைத் தேர்ச்சிச் சான்று பெற்றவரோ, அவருடைய மேற்பார்வையில் வேலை செய்பவரோ மட்டுமே அடிக்கலாம். டப்பா யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைச் சட்டம் முதன்முதலாக அப்போதுதான் கேட்டது.

1974-ல் வந்த விதிகள் தொழில்முறைத் தெளிப்பாளர்களைப் பத்து வகையாகப் பிரித்தன. வயல், காடு, நீர்நிலை, கட்டடம் என்று வரும் அந்தப் பட்டியலில் ‘அழகுச் செடிகளும் புல்தரையும்’ தனி வகை. மாநிலங்களே தேர்வு நடத்தி உரிமம் தந்தன. பல மாநிலங்கள் மைய அரசையும் மிஞ்சி, கூலிக்கு அடிப்பவர் எந்த மருந்தை அடித்தாலும் உரிமம் வேண்டும் என்றன.

பாடம் சொல்லித்தர ஆட்களைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கவில்லை. 1862-ல் நிலக்கொடையால் தோன்றிய மாநிலக் கல்லூரிகளும், 1914-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவற்றோடு இணைந்த விரிவாக்கப் பணியும் ஏற்கெனவே உழவருக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தன. புல்தரைத் தொழிலாளியும் அந்த மாணவர் கூட்டத்தில் சேர்ந்தார்.

ஒரு தேர்வு போதாதா?

போதாது. ஏன் என்பதற்குப் பிற்காலத்து நிகழ்ச்சிகள் நான்கைச் சொல்கிறேன்.

முதலில் பூச்சி மாறுகிறது. புளோரிடாவில் புல்லின் சாற்றை உறிஞ்சும் சின்ச் நாவாய்ப்பூச்சி, ஒரு மருந்து போய் மறு மருந்து வரும்போதெல்லாம் அதற்கும் பழகிவிட்டது. டி.டி.டி.யும் பலிக்கவில்லை, பின்னால் வந்தவை பலவும் பலிக்கவில்லை, 2000-ங்களில் பைபென்திரின் என்ற மருந்தும் சில இடங்களில் தோற்றது. மருந்துக்குச் சாகாமல் பிழைத்த சிலவே பெருகுவதால் இது நிகழ்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிப்பவர், தம்மை அறியாமலே தாங்கும் இனத்தை வளர்க்கிறார்.

அடுத்து, புதுப் பூச்சி வருகிறது. 2002-ல் மிச்சிகனின் டெட்ராய்ட் நகரை ஒட்டி, ஆஷ் மரங்களின் பட்டைக்கடியில் வாழும் மரகத நிற வண்டு ஒன்று தென்பட்டது. ஆசியாவிலிருந்து வந்த அது, பிறகு கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றுவிட்டது. மரத்தண்டில் துளையிட்டு மருந்தை ஏற்றும் முறை இதற்கு உதவுகிறது. 2000-ல் உரிமம் வாங்கியவர் இந்த வண்டின் பெயரைக்கூட வகுப்பில் கேட்டிருக்க மாட்டார்.

மூன்றாவது, மருந்தைப் பற்றிய அறிவு மாறுகிறது. டி.டி.டி.க்குப் பின் புல்தரையில் பரவிய மருந்துகளில் ஒன்று டயசினான். மண்ணில் நெடுங்காலம் தங்காது என்பது அதன் பெருமை. ஆனால், பூச்சியின் நரம்பில் எந்த நொதியை அது முடக்குகிறதோ, அதே நொதி பறவையின் நரம்பிலும் உண்டு. 1984-ல் நியூயார்க்கை அடுத்த லாங் தீவில் ஒரு கோல்ப் மைதானத்தில் மேய்ந்த பிரான்ட் என்ற காட்டுவாத்துகள் சுமார் 700 இறந்து கிடந்தன. வாத்து புல்லைத் தின்னும் பறவை. மருந்தும் புல்லின்மேல்தான் இருந்தது. 1986-ல் அரசு நடவடிக்கையைத் தொடங்கியது. வழக்குகளைக் கடந்து கோல்ப் மைதானங்களில் டயசினானுக்குத் தடை நிலைத்தது. வீட்டுத் தோட்டத்துக்கு அதை விற்பதும் 2004-ன் முடிவோடு நின்றது.

நான்காவது நிகழ்ச்சி எச்சரிக்கையானது. இம்ப்ரெலிஸ் என்ற களைக்கொல்லி 2010-ல் பதிவாகி, 2011-ன் வசந்தத்தில் பரவலாகப் புழக்கத்துக்கு வந்தது. குறைந்த அளவே போதும், பாதுகாப்பானது என்று அதை வரவேற்றார்கள். ஜூன் மாதத்துக்குள் அருகில் நின்ற ஸ்புரூஸ் மரங்களும் வெண்பைன் மரங்களும் நுனி முறுக்கிப் பழுப்பேறின. புல்லுக்கு அடித்ததை மரம் வேரால் உறிஞ்சிக்கொண்டது. சீட்டைப் படித்து அடித்தவர்களின் தோட்டத்திலும் மரங்கள் செத்தன. தெளிப்பாளர்கள் பல்கலைக்கழக விரிவாக்க அலுவலர்களுக்குச் செய்தி அனுப்பினர். பல மாநிலங்களிலிருந்தும் ஒரே மாதிரிச் செய்தி வந்தது. ஆகஸ்டில் விற்பனையை நிறுத்த ஆணை பிறந்தது. இங்கே ஆசிரியருக்குப் பாடம் சொன்னவர் மாணவர்தான்.

வகுப்பில் என்ன நடக்கிறது?

வகுப்பில் முதற்பாடம் பெரும்பாலும் கணக்கு. நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒருவர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில், ஒரு மீட்டர் அகலத்துக்கு மருந்து அடித்துக்கொண்டு நடக்கிறார். தெளிப்பானின் முனையிலிருந்து வினாடிக்கு 40 மில்லிலிட்டர் வருகிறது. அப்படியானால் ஒரு சதுர மீட்டருக்கு 40 மில்லிலிட்டர்; இதுவே சரியான அளவு என்று வைத்துக்கொள்வோம். மதியச் சோற்றுக்குப் பிறகு அவர் நடை தளர்ந்து வினாடிக்கு 0.8 மீட்டர் ஆகிறது. இப்போது சதுர மீட்டருக்கு 50 மில்லிலிட்டர் விழுகிறது. கால் பங்கு அதிகம். முனையும் தேய்ந்து வினாடிக்கு 44 மில்லிலிட்டர் வந்தால் அளவு 55 ஆகிவிடும். அவர் மருந்தை மாற்றவில்லை, கலவையையும் மாற்றவில்லை. ஆனாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கூடிவிட்டது. வாளியும் கடிகாரமும் வைத்து அளந்து பார்த்தாலன்றி இது தெரியாது.

இரண்டாம் பாடம், அடிக்காமல் இருக்கக் கற்பது. 1959-ல் கலிபோர்னியாவின் பூச்சியியலார் நால்வர் ஒரு கருத்தை வெளியிட்டார்கள்: பூச்சி இருக்கிறது என்பதற்காக மருந்து அடிக்காதே, அதனால் வரும் சேதம் ஓர் எல்லையை நெருங்கும்போது மட்டும் அடி. புல்தரைக்கும் இது பொருந்தும். நன்றாக நீர் பாயும் புல், சதுர அடிக்கு ஐந்தாறு வேர்ப்புழுக்களைத் தாங்கிக்கொண்டு பசுமையாகவே இருக்கும். மண்ணைத் தோண்டி எண்ணிப் பார்ப்பவருக்குத்தான் இது தெரியும். மூன்றாம் பாடம் காற்று. எந்தக் காற்றில், எந்த அளவுத் துளி அண்டை வீட்டுக்குப் பறக்கும் என்பது. நான்காம் பாடம் சட்டம். சீட்டில் எழுதியதை மீறுவதே அங்கே சட்டத்தை மீறுவது.

சீட்டைப் படிப்பது இவ்வளவு முக்கியமா என்று கேட்பீர்கள். 2013 ஜூன் மாதம் ஆரிகன் மாநிலத்தின் வில்சன்வில் நகரில், கடை ஒன்றின் வண்டி நிறுத்துமிடத்தில் நின்ற லிண்டன் மரங்களுக்கு அசுவினிப் பூச்சிக்காக டினோட்டெபியூரான் என்ற மருந்தை அடித்தார்கள். அடித்தவர்கள் தொழில்முறைக்காரர்கள். மரங்களோ பூத்துக் குலுங்கிக்கொண்டிருந்தன. தேனீக்கள் வரும் வேளையில் அடிக்கக் கூடாது என்று சீட்டில் இருந்தது. தரையெங்கும் பம்பிள் எனப்படும் பருத்த தேனீக்கள் 50,000-க்குமேல் செத்து விழுந்தன. மேலும் சாகாமலிருக்க மரங்களுக்கு வலை போர்த்த வேண்டியதாயிற்று. அதே ஆகஸ்டில், இந்த வகை மருந்துகளின் சீட்டில் தேனீப் படத்தோடு எச்சரிக்கைக் கட்டம் அச்சிட வேண்டும் என்று அரசு அறிவித்தது. ஆரிகன் மாநிலம் பின்னர் இவ்வகை மருந்துகளை லிண்டன் மரத்துக்கு அடிப்பதையே தடை செய்தது. இன்று தேனீப் பாதுகாப்பு வகுப்புகளில் ஒரு பாடம்.

நான்காம் கேள்வி

மறுபடிப்பு எவ்வளவு என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. கலிபோர்னியாவில் உயர்நிலை உரிமம் உடையவர் இரண்டு ஆண்டுக்குள் 20 மணி நேரம் பயில வேண்டும். அதில் 4 மணி நேரமாவது சட்டப் பாடமாக இருக்க வேண்டும். 2017-ல் மைய அரசு விதிகளைத் திருத்தி, எந்த மாநிலமானாலும் ஐந்து ஆண்டுக்குள் தகுதியைப் புதுப்பிக்க வேண்டும், மேற்பார்வையில் வேலை செய்பவருக்கும் ஆண்டுதோறும் பயிற்சி தர வேண்டும் என்றது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குச் சான்று கிடையாது என்பதும் அப்போது வந்ததே.

இவற்றால் எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. வகுப்பில் உட்கார்ந்திருப்பது வேறு, கற்றுக்கொள்வது வேறு. இது மாணவர்களாகிய உங்களுக்கு நன்றாகவே தெரியும்! கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பின்வரிசையில் உறங்கினாலும் மணிக்கணக்கு ஏறிவிடும். மேலும், இம்ப்ரெலிஸ் காட்டியதுபோல, ஆசிரியருக்கே தெரியாததை வகுப்பு சொல்லித்தர முடியாது. வீட்டுக்காரர் கடையில் வாங்கித் தாமே அடித்துக்கொள்ளும் பொது மருந்துகளுக்கு எந்தத் தேர்வும் இல்லை என்பதும் உண்மை.

ஆயினும் கேள்விகள் வளர்ந்த வழியைப் பாருங்கள். 1910-ல், டப்பாவுக்குள் என்ன? 1947-ல், டப்பாவின்மேல் என்ன? 1972-ல், டப்பா யார் கையில்? மறுபடிப்பு கேட்பது நான்காம் கேள்வி: அந்தக் கைக்கு உரியவரின் அறிவு எந்த ஆண்டினது? முதல் மூன்று கேள்விகளுக்கு ஒருமுறை விடை சொன்னால் போதும். நான்காவதற்கு மட்டும் விடை ஆண்டுதோறும் பழையதாகிக்கொண்டே போகிறது.

அடுத்தமுறை உங்கள் வீட்டில் ஒரு பூச்சிமருந்துப் புட்டியைத் திறப்பதற்கு முன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் ஒட்டியிருக்கும் சீட்டை முழுவதும் படியுங்கள். எழுத்து சிறியதுதான். ஆனால், அதில் சில வரிகளை எழுதவைத்தவை மிச்சிகனின் ராபின்களும் லாங் தீவின் வாத்துகளும் வில்சன்வில்லின் தேனீக்களும் ஆகும்.